கோயில் மண்டபத்தில் தியான வகுப்பு: பௌத்தம் 'பிற சமயம்' ஆகுமா?

கித்தாக்காட்டான் எழுதியது:

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு எங்கள் மாரியம்மன் கோயிலைத் தெரிந்திருக்கும். தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புக்குப் போனபோது, லயத்தோரம் (தொழிலாளர் வரிசை வீடுகளின் ஓரம்) இருந்த அம்மனைச் சாலைப் பக்கம் கொண்டுவந்தோம். பால்மரம் சீவியவர்களும் செம்பனை ஆலையில் வேலை பார்த்தவர்களும் மாதச் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்த பணத்தில் எழுந்ததுதான் பக்கத்து மண்டபம். கல்யாணம், காதுகுத்து, தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு எல்லாம் அங்கேதான்.

மண்டப விதிகளில் ஒன்று இப்படிச் சொல்கிறது: "பிற சமய நிகழ்ச்சிகளுக்கு மண்டபம் தரப்படாது." சும்மா எழுதி வைத்த விதி அல்ல. முன்பொரு முறை ஒரு கூட்டத்தார் குடும்ப நாள் என்று சொல்லி மண்டபத்தை எடுத்தார்கள். விளையாட்டும் விருந்தும் முடிந்ததும் பிள்ளைகளின் கையில் துண்டுப்பிரசுரங்களைத் திணித்து அனுப்பினார்கள். பெற்றோர்கள் கொதித்துப்போனார்கள். அடுத்த பொதுக்கூட்டத்திலேயே இந்த விதி வந்துவிட்டது.

இப்போது ஊர் இளைஞர்கள் சிலர் மனு கொடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமை மாலையில் தியான வகுப்பு. நடத்துபவர் நம் தமிழ்ப் பெண்மணி, பினாங்கில் ஒரு விகாரையில் நெடுங்காலம் பயின்றவர். கட்டணம் கிடையாது. மேசை மேல் ஒரு சாண் உயரப் புத்தர் சிலை, ஒரு விளக்கு. தொடக்கத்தில் "புத்தம் சரணம் கச்சாமி" (புத்தரைச் சரணடைகிறேன்) சொல்வார்கள், பிறகு மூச்சைக் கவனித்து அமர்வார்கள். மனுவைப் பார்த்த பொருளாளர் "பிற சமயம், முடியாது" என்றார். இளைஞர்களோ "பௌத்தம் சமயமே இல்லை, விதி எப்படிப் பொருந்தும்?" என்கிறார்கள். செயலாளர் என்ற முறையில் பதில் எழுத வேண்டியவன் நான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மெர்போக்காரி எழுதியது:

மனு கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சமயம் என்றால் உலகைப் படைத்த ஒருவன் இருக்க வேண்டும், அவன் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது. பௌத்தத்தில் இவற்றில் எது இருக்கிறது? கேசபுத்த ஊர்க் காலாமர்கள் "வருகிற துறவிகள் ஆளுக்கொன்று சொல்கிறார்களே, யாரை நம்புவது?" என்று புத்தரிடம் கேட்டபோது, "என்னை நம்புங்கள்" என்று அவர் சொல்லவில்லை. வழிவழியாக வந்தது என்பதற்காகவோ, நூலில் இருக்கிறது என்பதற்காகவோ, சொல்பவர் நம் குரு என்பதற்காகவோ ஏற்க வேண்டாம் என்றுதான் சொன்னார்.

மாலுங்கியபுத்தர் என்ற சீடர் உலகம் நிலையானதா, முடிவுள்ளதா, உயிரும் உடலும் ஒன்றா வேறா என்று கேட்டு நச்சரித்தபோதும் புத்தர் பதில் சொல்லவில்லை. நச்சு அம்பு தைத்தவன் ஒருவன், எய்தவன் என்ன குலம், வில்லின் நாண் எதனால் திரித்தது என்று தெரிந்தால்தான் அம்பைப் பிடுங்க விடுவேன் என்றால் செத்துப்போவான் அல்லவா என்று கேட்டார். இது மருத்துவர் பேசும் பேச்சு. சமயத் தலைவர் பேசும் பேச்சு அல்ல. மூச்சு விடுவதற்கு எந்தச் சமயத்தின் அனுமதி வேண்டும்?

---

பழைய வாத்தியார் எழுதியது:

தங்கையின் ஆர்வம் பிடித்திருக்கிறது. ஆனால் காலாம சூத்திரத்தை எல்லோரும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். ஏற்க வேண்டாம் என்று புத்தர் அடுக்கும் பட்டியலில் தருக்கமும் இருக்கிறது, ஊகமும் இருக்கிறது. "உன் அறிவுக்குப் பட்டதை எடுத்துக்கொள்" என்று அவர் கைகழுவிவிடவில்லை. எது தீங்கு தரும், எது நன்மை தரும், சான்றோர் எதைப் பழிக்கிறார்கள், எதைப் புகழ்கிறார்கள் என்று நீங்களே கண்டு தெளியுங்கள் என்கிறார். அந்தச் சூத்திரம் எப்படி முடிகிறது என்று பாருங்கள். காலாமர்கள் புத்தரையும், தம்மம் என்னும் அவர் போதனையையும், சங்கம் என்னும் துறவியர் கூட்டத்தையும் சரண் அடைகிறார்கள். உங்கள் சனிக்கிழமை வகுப்பு தொடங்கும் இடத்தில் அது முடிகிறது.

அடுத்தது, படைத்தவன் இல்லையென்றால் சமயம் இல்லை என்பது. இந்த அளவுகோலைத் தமிழர் எக்காலத்திலும் பிடித்ததில்லை. மணிமேகலையில் 27ஆம் காதையைப் பாருங்கள். வஞ்சி நகரில் அவள் ஒவ்வொரு சமயவாதியாகத் தேடிப்போய் "உன் கொள்கை என்ன?" என்று கேட்கிறாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி, வைசேடிகவாதி, பூதவாதி. இவர்களில் ஆசீவகனுக்குப் படைப்புக் கடவுள் உண்டா? நிகண்டனுக்கு, அதாவது சமணனுக்கு, உண்டா? சாங்கியனுக்கு உண்டா? ஒருவரையும் "நீ சமயக் கணக்கில் வரமாட்டாய், வெளியே போ" என்று அந்தக் காதை தள்ளவில்லை.

கதையையும் மறக்க வேண்டாம். கடல் தெய்வம் ஒன்று அவளைத் தூக்கிக்கொண்டு போய் மணிபல்லவத்தில் வைக்கிறது. அங்கே புத்த பீடிகையைத் தொழுதவுடன் முற்பிறப்பு தெரிகிறது. எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி கைக்கு வருகிறது. இதை வெறும் மூச்சுப் பயிற்சி என்று சொன்னால் காவியம் பாடியவரே எழுந்து வந்துவிடுவார்.

---

மெர்போக்காரி எழுதியது:

ஐயா, நீங்களும் அதே சூத்திரத்தில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். சரணத்துக்கு முன்னால் நான்கு ஆறுதல்கள் வருகின்றன. மறுமை இருந்தால் நல்லவனுக்கு நல்ல கதி கிடைக்கும். மறுமை இல்லாவிட்டாலும் இம்மையிலேயே பகையின்றி, துன்பமின்றி வாழ்வான். மறுமை இல்லாமல் போனாலும் பரவாயில்லை என்று எந்தச் சமயத் தலைவர் சொல்லியிருக்கிறார்?

கடல் தெய்வமும் அமுதசுரபியும் காப்பியத்துக்கு அழகு. போதனை வேறு. மக்கள் மேலே ஏற்றி வைத்ததையெல்லாம் போதனையின் கணக்கில் எழுதக் கூடாது. கடைவீதிக் கோடியில் இருக்கும் சீனக் கோயிலில் லாட்டரிக்கு நான்கு இலக்க எண் கேட்கிறார்கள். அதுவும் புத்தர் சொன்னதா?

---

கோப்பிக்கடை எழுதியது:

அதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு. என் மனைவி சீனக் குடும்பம். மாமியார் எங்களோடுதான் இருக்கிறார்.

சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் வீட்டில் மீன்கூடக் கிடையாது. விடியற்காலையில் எழுந்து குளித்து, கூடத்தில் இருக்கும் கருணைத் தெய்வம் குவான் யின் மாடத்தின் முன்னால் நிற்பார். சிவப்பு மின்விளக்கு எந்நேரமும் எரியும். மூன்று ஊதுபத்தி, மூன்று சிறு கிண்ணத் தேநீர், ஆரஞ்சுப் பழங்கள். ஊதுபத்தியை நெற்றிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஹொக்கியனில் முணுமுணுப்பார். நான் ஒருநாள் காதைக் கொடுத்துக் கேட்டேன். மூத்த பேரனின் எஸ்.பி.எம். தேர்வு எண்ணைத் தப்பில்லாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தார், குவான் யின் வேறு யாருக்கோ மதிப்பெண் கொடுத்துவிடக் கூடாது என்று.

வாசலில் வானத்துக்கு ஓர் ஊதுபத்தி. வேப்பமரத்தடிக் காவல் தெய்வம் தாத்தோ கோங்குக்கு வெற்றிலை பாக்கு. வெசாக் அன்று சயாமியக் கோயிலில் புத்தர் தலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு, வரும் வழியில் நம் மாரியம்மனுக்கும் ஒரு கும்பிடு. அரசாங்கப் படிவத்தில் சமயம் என்ற கட்டத்தில் எழுதுவது 'புத்தா'. நான்கு வாய்மை, எட்டு நெறி எதையும் அவர் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அறுபது ஆண்டுகளாக முதல் நாளும் பதினைந்தாம் நாளும் தவறியதில்லை.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்நாட்டவரில் 18.7 விழுக்காட்டினர் பௌத்தர்கள். இந்துக்கள் 6.1 விழுக்காடு. அந்த 18.7இல் என் மாமியாரைப் போன்றவர்கள்தாம் பெரும்பகுதி என்று நினைக்கிறேன். தங்கையே, அவர் முன்னால் நின்று "அம்மா, உங்களுக்குச் சமயம் கிடையாது, அது வாழ்க்கை முறை" என்று சொல்லிப் பாருங்கள். விளக்குமாற்றால் பதில் வரும்.

---

முத்திரைத்தாள் எழுதியது:

வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை. சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

கூட்டரசு அரசியலமைப்பின் 3(1)ஆம் பிரிவு இஸ்லாத்தைக் கூட்டரசின் சமயம் என்கிறது. மற்றச் சமயங்களை அமைதியோடும் இணக்கத்தோடும் பின்பற்றலாம். 11(3)ஆம் பிரிவின்படி ஒவ்வொரு சமயக் குழுவும் தன் சமய விவகாரங்களைத் தானே நடத்தலாம், அறநிலையம் வைக்கலாம், சொத்து வாங்கலாம். சமயம் என்றால் என்ன என்று அரசியலமைப்பு வரையறை கொடுக்கவில்லை. ஆனாலும் விகாரைகளும் பௌத்தச் சங்கங்களும் இந்த உரிமைகளின் நிழலில்தான் நிற்கின்றன. பிரிக்ஃபீல்ட்ஸ் மகா விகாரை 1894இலிருந்து நிற்கிறது. முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்களுக்கான 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982இல் நடப்புக்கு வந்தது. அதன்படி துணைப் பதிவாளராக நியமனம் பெற்ற சமயப் பொறுப்பாளர் தம் சமய முறையில் மணம் நடத்திப் பதியலாம். நம் கோயில்களைப் போலவே பௌத்த விகாரைகளிலும் இது நடக்கிறது. 1983இல் பல சமயத்தார் சேர்ந்து ஆலோசனை மன்றம் அமைத்தபோது பௌத்தம், கிறிஸ்துவம், இந்து, சீக்கியம் என்று பெயரிலேயே முதலில் நின்றது பௌத்தம்தான். சமயம் இல்லையென்று அவர்களே சொல்லியிருந்தால் இதெல்லாம் எங்கிருந்து வரும்?

இன்னொன்று எனக்கு எப்போதும் வியப்பு. பள்ளி நோட்டுப்புத்தகத்தின் பின்னட்டையில் நாம் எல்லோரும் பார்த்த தேசியக் கோட்பாடு, ருக்குன் நெகாரா. 1970 ஆகஸ்டு 31இல் அறிவிக்கப்பட்டது. முதல் கோட்பாடு "இறைவன் மீது நம்பிக்கை வைத்தல்." பள்ளிச் சபைகூடலில் பௌத்தப் பிள்ளைகளும் கையை உயர்த்தி அதைச் சொல்லித்தான் வளர்ந்தார்கள். "உங்களுக்குத்தான் இறைவன் இல்லையே" என்று இங்கே யாரும் அவர்களை மடக்கவில்லை.

அண்டை நாட்டில் அப்படி எளிதாகப் போகவில்லை. இந்தோனேசியாவின் பஞ்சசீலக் கொள்கையில் முதலாவது ஒரே பரம்பொருள் மீதான நம்பிக்கை. 1965க்குப் பிறகு, கடவுள் நம்பிக்கை இல்லை என்றாலே கம்யூனிஸ்டு என்று சந்தேகப்பட்ட காலத்தில், அசின் ஜினரக்கித என்ற துறவி 'சங்ஹியாங் ஆதி புத்தர்' என்ற பரம்பொருளை முன்வைத்தார். தேரவாதிகள் சிலருக்கு அது பிடிக்கவில்லை, உள்ளுக்குள் பெரிய சர்ச்சை. ஆனால் பௌத்தம் அங்கீகாரத்தோடு பிழைத்துக்கொண்டது. சமயமா இல்லையா என்ற கேள்வி சில இடங்களில் தலைக்கு மேல் கத்தி.

---

துளசிமாடம் எழுதியது:

இவ்வளவு சுற்றுவழி எதற்கு? புத்தர் திருமாலின் ஒன்பதாம் அவதாரம். இந்திய அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு விளக்கத்திலேயே இந்துக்கள் என்றால் சீக்கியர், சமணர், பௌத்தரும் அடக்கம் என்று இருக்கிறது. இந்து திருமணச் சட்டமும் அவர்களுக்குப் பொருந்தும். நம் வீட்டுப் பிள்ளைதான். பிற சமயம் அல்ல. மண்டபத்தைக் கொடுத்துவிடுங்கள், செயலாளரே.

---

லயத்துப்பிள்ளை எழுதியது:

மண்டபம் கிடைக்கிறது என்பதற்காக இந்த வாதத்தை ஏற்க முடியாது, ஐயா.

25ஆம் பிரிவின் அந்த விளக்கம் இந்து அறநிலையங்களை எல்லா வகுப்பினருக்கும் திறந்துவிடும் உட்பிரிவுக்காக எழுதியது. பௌத்தம் இந்து சமயத்தின் கிளை என்று தீர்ப்பு எழுதியது அல்ல. அவதாரக் கதைக்கு அம்பேத்கர் 1956லேயே பதில் கொடுத்துவிட்டார். அக்டோபர் 14ஆம் நாள், நாகபுரி. லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவியபோது அவர் கொடுத்த 22 உறுதிமொழிகளில் ஒன்று, புத்தரைத் திருமாலின் அவதாரமாக ஏற்கமாட்டேன் என்பது.

அவருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்னால் நம் தமிழிலேயே அயோத்திதாச பண்டிதர் இருந்தார். 1898இல் இலங்கைக்குப் போய்ப் பௌத்தம் தழுவி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர்கள் அந்த இயக்கத்தில் திரண்டார்கள். நம் தாத்தாக்கள் கப்பலேறி இங்கே கித்தா மரம் சீவ வந்த அதே காலம், அதே வட ஆர்க்காட்டு ஊர்கள். கப்பலேறாத பங்காளி தங்கவயலுக்குப் போனான் என்று என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அவர்களுக்கு எது தேவைப்பட்டது? ஒரு தத்துவமா? தத்துவம் மட்டும்தான் வேண்டும் என்றால் பழைய சாதிப் பெயரோடும் பழைய சேரியிலும் இருந்துகொண்டே படித்திருக்கலாம். பிள்ளைக்குப் பெயர் வைக்க ஒரு முறை, கல்யாணத்துக்கு ஒரு முறை, பிணத்தை எடுக்க ஒரு முறை, கூடி உட்கார ஓர் இடம், அங்கே யாரும் எழுந்து போகச் சொல்லாத நிலை. அதைக் கொடுப்பதுதான் சமயம். "பௌத்தம் சமயமே இல்லை" என்று வசதியான வீட்டில் உட்கார்ந்து சொல்கிறவர்கள் அந்த மக்கள் பாடுபட்டுப் பெற்றதைத் தங்களை அறியாமலே பிடுங்குகிறார்கள்.

---

மெர்போக்காரி எழுதியது:

அண்ணா, அம்பேத்கரையே எடுத்துக்கொண்டால் அவர் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் சமயம் வேறு, தம்மம் வேறு என்று பிரித்துத்தான் எழுதுகிறார். சமயம் தனி மனிதனுக்கும் கடவுளுக்கும் உள்ளது, தம்மம் மனிதனுக்கும் மனிதனுக்கும் உள்ளது என்பது அவர் வாதத்தின் சாரம். என் பக்கம்தானே நிற்கிறார்?

---

லயத்துப்பிள்ளை எழுதியது:

எழுதினார். அதே மனிதர் துறவியின் முன்னால் நின்று மூன்று சரணமும் ஐந்து சீலமும் வாய்விட்டுச் சொல்லி, வெள்ளை உடுத்திய கூட்டத்துக்குத் தானே தீட்சையும் கொடுத்தார். நூலில் பிரித்ததைத் திடலில் சேர்த்துவிட்டார். எனக்குத் திடல்தான் கணக்கு.

---

வேல்முனை எழுதியது:

பொருளாளர் நான்தான். ஊருக்கே தெரியும், மறைத்துப் பயனில்லை.

எனக்குப் புத்தர் மேல் கோபம் கிடையாது. ஆனால் திருஞானசம்பந்தர் பதிகங்களை ஞாயிற்றுக்கிழமை அதே மண்டபத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். பதிகந்தோறும் பத்தாம் பாட்டில் சமணரையும், சாக்கியர் என்று பௌத்தரையும் மறுத்துப் பாடியிருக்கிறார். வெறும் மூச்சுப் பயிற்சியை மறுத்தா ஒருவர் ஊர் ஊராகப் பாடிக்கொண்டு போவார்? எதிரே இருந்தது ஒரு சமயம், மன்னர்களையும் மக்களையும் தன் பக்கம் இழுக்கும் சமயம். அது தெரிந்துதான் பாடினார். சனிக்கிழமை புத்தம் சரணம், ஞாயிற்றுக்கிழமை பத்தாம் பாட்டு. பிள்ளை "எது சரி?" என்று கேட்டால் யார் பதில் சொல்வது?

துண்டுப்பிரசுரக் கூட்டத்தாரும் "இது சமயம் அல்ல, குடும்ப நிகழ்ச்சி" என்றுதான் உள்ளே வந்தார்கள் என்பதையும் நினைவூட்டுகிறேன்.

---

பழைய வாத்தியார் எழுதியது:

பொருளாளர் சொல்வதில் பொருள் இருக்கிறது. கூடவே, அதே சைவ மரபு அறுபத்து மூவரில் ஒருவராகச் சாக்கிய நாயனாரையும் வைத்திருக்கிறது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். காஞ்சிக்குப் போய்ப் பௌத்தம் தழுவியவர், பிறகு சிவனடியார் ஆனார். ஆனால் பௌத்தத் துறவியின் சீவர ஆடையைக் களையவில்லை. தினமும் சாப்பிடும் முன் லிங்கத்தின் மேல் ஒரு கல்லை எறிவார். அந்தக் கல்லைப் பூவாக ஏற்றான் இறைவன் என்பது புராணம். எதிர்ச் சமயத்தின் உடையோடு ஒருவரை நாயன்மார் வரிசையில் நிறுத்தி வைத்துக் கும்பிடுகிறோம். ஆகவே பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள் என்று அஞ்ச வேண்டாம். சைவம் அவ்வளவு மெலிந்தது அல்ல.

---

களக் காவலர் எழுதியது:

கோயில் நிர்வாகிகளின் பெயரைக் குறிப்பிட்ட இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். பொருளைப் பேசுங்கள்.

---

கடாரத்தான் எழுதியது:

வஞ்சி, காஞ்சி, நாகபுரி என்று போய்விட்டு வந்தீர்கள். காலடியை யாரும் பார்க்கவில்லை.

1834இல் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி செபராங் பிறையின் வடக்குப் பகுதியில் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். இங்கிருந்து காரில் போனால் ஒரு மணி நேரத் தூரத்துக்குள்தான். இப்போது அது கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தைத் தேடிப் பாருங்கள். கல்லின் நடுவே ஒரு தூபி செதுக்கியிருக்கிறது. கீழே பீடம், மேலே அரைக்கோள வயிறு, அதற்கும் மேலே சிறுத்துக்கொண்டே போகும் அடுக்குக் குடைகள். இருபுறமும் தென்னாட்டுச் சாயல் கொண்ட எழுத்து, சமஸ்கிருத மொழி. ஏறக்குறைய 5ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். வைத்தவர் பெயரும் இருக்கிறது: மகாநாவிகன் புத்தகுப்தன், பெரிய கப்பல் தலைவன். ஊர் இரக்தமிருத்திகை. வங்காளத்தில் உள்ள ஊர் என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள்.

அந்த மாலுமி கல்லில் என்ன எழுதினான்? ஒரு செய்யுள்: அறியாமையால் வினை சேர்கிறது, பிறப்புக்கு வினையே காரணம், ஞானத்தால் வினை உண்டாகாது, வினை இல்லாதபோது பிறப்பும் இல்லை. மெர்போக்காரி கேட்கும் தத்துவம் இதோ. கடவுள் பெயரே இல்லை. அதே கல்லில் இன்னொரு வாசகமும் இருக்கிறது: போகும் பயணம் எல்லா வகையிலும் கைகூட வேண்டும் என்ற வேண்டுதல். கோப்பிக்கடை அண்ணாவின் மாமியார் தேர்வு எண் சொல்லி வேண்டுவதும் இதே வேலைதான். வினைக் கோட்பாடு சொன்னவனுக்கும் வங்கக் கடலில் புயலடித்தால் உயிர் பதறும். இரண்டையும் ஒரே கல்லில் வெட்டி வைப்பதில் அவனுக்கு எந்தத் தடுமாற்றமும் இல்லை. முதலாவது உண்மையான பௌத்தம், இரண்டாவது மக்கள் ஏற்றி வைத்தது என்று பிரிக்கும் பழக்கம் அவன் காலத்துக்கு மிகவும் பிந்தியது.

ஜெராய் மலையடியில் புக்கிட் பத்து பாகாட் கோயிலின் அடித்தளத்தைப் பார்க்காதவர்கள் இங்கே இருக்க முடியாது. அது சிவன் கோயில் என்று கொள்ளப்படுவது. யான் பக்கம் புக்கிட் சோராஸ் மேட்டில் 2023இல் தோண்டியபோது தூபிக் கட்டடத்தோடு ஆளுயரச் சுதைச் சிலைகள் வெளிப்பட்டன, அது பௌத்தம். ஒரே வட்டாரத்தில் இரண்டும் தனித்தனியாக, பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

செயலாளர் கவனிக்க வேண்டியது இதுதான். கடாரத்து, அதாவது நம் கெடாவின், அரசன் நாகப்பட்டினத்தில் சூளாமணிவர்ம விகாரையைக் கட்டினான். தஞ்சையில் பெரிய கோயிலை எழுப்பிய அதே இராசராசன் அந்தப் பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான். செப்பேட்டில் இருக்கிறது. அவன் "புத்தரும் சிவனும் ஒன்றுதானே" என்று சொல்லிக் கொடுக்கவில்லை. பள்ளிச்சந்தம் என்று தனி வகையில், பிற சமயத்தாரின் நிலையம் என்று தெரிந்தே கொடுத்தான். பிற சமயம் என்று ஒப்புக்கொண்டால் மண்டபம் கொடுக்க முடியாது என்று நீங்கள் ஏன் நினைக்கிறீர்கள்? பௌத்தத்தைத் தேய்த்துச் சமயம் இல்லாததாக ஆக்குவதை விட, உங்கள் விதியைத் திருத்துவது எளிது.

---

வேல்முனை எழுதியது:

கடாரத்தாரே, இராசராசன் நாகப்பட்டினத்தில் ஊரைக் கொடுத்தான். பெரிய கோயிலின் மண்டபத்தைச் சனிக்கிழமைதோறும் திறந்துவிடவில்லை.

---

கோப்பிக்கடை எழுதியது:

ஹா! வாத்தியார் ஐயாவும் கடாரத்தாரும் சேர்ந்து இதற்குப் பதில் தேடட்டும். நான் கடையைத் திறக்கப் போகிறேன்.

---

நந்தியாவட்டை எழுதியது:

வகுப்பு நடத்துவதாகச் சொல்லப்படுபவள் நான். இந்த விவாதம் நடப்பது நேற்று இரவுதான் தெரிய வந்தது.

முதலில் பிள்ளைகளுக்கு: நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள். ஆனால் பௌத்தம் சமயம் இல்லை என்று மனுவில் எழுதச் சொன்னது நான் அல்ல. நான் காலையும் மாலையும் சரணம் சொல்கிறேன். என் தாயார் இறந்தபோது துறவிகளை அழைத்துப் பரித்தம் என்னும் காப்புப் பாடல்களை ஓதச் சொன்னேன், மணிக்கட்டில் நூல் கட்டிக்கொண்டேன், அந்தப் புண்ணியம் அவருக்குச் சேரட்டும் என்று குடத்தில் தண்ணீர் வார்த்தேன். இதற்குச் சமயம் என்று பெயர் இல்லையென்றால் வேறு எதற்குப் பெயர் என்று எனக்குத் தெரியாது. மறுபிறப்பையும் நம்புகிறேன். ஐந்து சீலங்களில் நான்காவது பொய் சொல்லாமை. மண்டபம் வேண்டும் என்பதற்காக அதை மீறிவிட்டு, அதே மண்டபத்தில் உட்கார்ந்து சீலம் சொல்லிக்கொடுக்க முடியாது.

பொருளாளர் ஐயாவுக்கு: சிலை வேண்டாம் என்றால் வைக்க மாட்டேன். சிலை இல்லாமலும் உட்காரலாம், பழங்காலத்தில் பௌத்தர்கள் புத்தருக்கு உருவம் செய்யாமல் போதி மரத்தையும் பாதச் சுவட்டையும் காட்டினார்கள். சரணத்தை மனத்துக்குள் சொல்லிக்கொள்வேன். ஆனால் யாராவது ஒரு பிள்ளை "இது யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டால் புத்தர் என்றுதான் சொல்வேன். துண்டுப்பிரசுரம் கொடுக்க மாட்டேன், யாரையும் மாறச் சொல்ல மாட்டேன். அம்மன் பூசைக்கு மணி அடித்தால் எழுந்து நிற்கவும் தயங்க மாட்டேன், இந்தக் கோயில் விபூதி பூசி வளர்ந்தவள்தான். இவ்வளவையும் சொன்ன பிறகும் முடியாது என்றால் எனக்கு வருத்தம் இல்லை. என் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் பத்துப் பேர் அமரலாம்.

---

மெர்போக்காரி எழுதியது:

அக்கா, மனுவின் வாசகம் என்னுடையது, பொறுப்பும் என்னுடையது. உங்களுக்கு அது சமயமாக இருக்கிறது, சரி. எனக்கு இன்னும் இல்லை. நான் சரணம் சொல்லாமல்தான் உட்காருவேன், மறுபிறப்பைப் பற்றி எனக்கு ஒரு கருத்தும் கிடையாது. இரவு வேலை முடிந்து வந்து தூக்கம் வராமல் கிடந்தவளுக்கு இருபது நிமிட மூச்சு தூக்கத்தைக் கொடுத்தது, அவ்வளவுதான். எனக்கும் அந்தப் பாயில் இடம் உண்டா?

---

நந்தியாவட்டை எழுதியது:

உண்டு. காலாமர்கள் சரணம் புகுந்தது கடைசியில்தானே. அது வரைக்கும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

---

முத்திரைத்தாள் எழுதியது:

செயலாளருக்கு ஒரு யோசனை. "பிற சமய நிகழ்ச்சிகள்" என்ற வாசகம் அளவுக்கு மீறி அகலம். நாளைக்குத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் கிறிஸ்துவராக இருந்து பணி ஓய்வு விருந்து கேட்டால், விருந்துக்கு முன் அவர் கண்மூடி ஜெபித்தால், அதுவும் சிக்கல்தான். நீங்கள் தடுக்க நினைத்தது மதமாற்றப் பரப்புரையையும், நோக்கத்தை மறைத்து இடம் எடுப்பதையும். அதையே எழுதுங்கள்: "பிற சமயப் பரப்புரைக்கு மண்டபம் தரப்படாது, விண்ணப்பத்தில் நிகழ்ச்சியின் இயல்பை மறைத்தால் அனுமதி உடனே ரத்து." சங்கப் பதிவு விதிகளுக்கு உட்பட்டுப் பொதுக்கூட்டத்தில் நிறைவேற்றினால் போதும். பௌத்தம் எந்த வகை என்று உங்கள் நிர்வாகக் குழு தீர்ப்பு எழுத வேண்டியதில்லை.

---

கித்தாக்காட்டான் எழுதியது:

கூட்டம் முடிந்தது. நீண்ட கூட்டம். திருத்தத்தைப் பொதுக்கூட்டத்துக்கு அனுப்பப் பெரும்பான்மை ஒப்புக்கொண்டது. பொருளாளர் எதிர்த்து வாக்களித்தார், தம் காரணத்தைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொன்னார், எழுதியிருக்கிறோம். பதில் கடிதத்தில் "பௌத்தச் சமயத்தைச் சேர்ந்த தியான வகுப்பு" என்றே குறிப்பிட்டிருக்கிறேன். வகுப்பு நடத்துபவரே அப்படிக் கேட்டுக்கொண்டார்.

பொதுக்கூட்டம் முடியும் வரை மண்டபம் கிடையாது. அது வரை மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் சமையல் கொட்டகையைப் பயன்படுத்தலாம் என்று முன்மொழிந்தவர் பொருளாளர்தான். கொட்டகை அவர் பொறுப்பில் இருக்கிறது, விதி அங்கே பொருந்தாதாம். சிலை பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வருகிறவர்கள் பாய் கொண்டுவர வேண்டும், மண்டபத்து ஜமக்காளம் வெளியே வராது. ஆடி மாதத்தில் கூழ் காய்ச்சும் சனிக்கிழமைகளில் கொட்டகை கிடைக்காது. கொசுவத்தியையும் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்.